1951: மிசூரி வேலி வாய் திறக்காத சீசன்

1951-ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரிகளின் மிசூரி வேலி கூட்டமைப்பின் கால்பந்துப் பட்டியலை மட்டும் பார்த்தால் விசேஷமாக ஒன்றும் தெரியாது. டல்சா பல்கலைக்கழகம் கூட்டமைப்புக்குள் ஆடிய ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் கோப்பையை வென்றது. மற்ற அணிகள் அதன் கீழே வரிசையாக நிற்கின்றன. அடுத்த ஆண்டின் பட்டியலைப் பக்கத்தில் வைத்தால்தான் இரண்டு பெயர்கள் காணாமல் போயிருப்பது கண்ணில் படும். ஒன்று அயோவா மாநிலத்தின் டெமோயின் நகரில் இருக்கும் டிரேக் பல்கலைக்கழகம். இன்னொன்று இலினாய் மாநிலத்தின் பியோரியாவில் இருக்கும் பிராட்லி பல்கலைக்கழகம். யாரும் அவற்றை வெளியேற்றவில்லை. அவையே எழுந்து போய்விட்டன.

அந்த சீசனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓர் அடியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அக்டோபர் 20 அன்று ஸ்டில்வாட்டரில், ஜானி பிரைட் என்ற கறுப்பின வீரரின் தாடையில் விழுந்த அடி. அந்த அடி எவ்வளவு கொடூரமானது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அடித்தவர் ஓர் இளைஞர், அடி விழுந்தது ஒரு கண நேரத்தில். அதற்குப் பிறகு, வயதும் பதவியும் உள்ள பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு நடவடிக்கையும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்களே, அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அது எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமானால், முதலில் இந்தக் கூட்டமைப்பு என்பது என்ன என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் கால்பந்து என்று சொன்னால் நாம் நினைக்கும் கால்பந்து கிடையாது. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், வீசுவார்கள். எதிரணியினர் மோதித் தள்ளித் தடுப்பார்கள். ஓடிக் கடந்த தூரத்தைக் கெஜத்தில் அளப்பார்கள். அங்கே தொழில்முறை அணிகளுக்கு நீண்ட காலம் முன்பே கல்லூரி அணிகளுக்குத்தான் கூட்டம் சேர்ந்தது. கல்லூரிகள் தங்களுக்குள் குழு குழுவாகச் சேர்ந்து, யார் யாருடன் ஆடுவது, யார் ஆடத் தகுதியுள்ள மாணவர் என்பதையெல்லாம் பேசி முடிவெடுத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் கான்ஃபரன்ஸ். கூட்டமைப்பு என்று சொல்லலாம். மிசூரி வேலி 1907-லேயே தொடங்கியது. 1928-ல் பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் பிரிந்து தனிக் கூட்டமைப்பு வைத்துக்கொண்டன. மிச்சமிருந்தவையும் பின்னால் வந்து சேர்ந்தவையும்தான் 1951-ல் இருந்த மிசூரி வேலி.

யார் யார் இருந்தார்கள் என்று ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். வடக்கே கனடா எல்லையை ஒட்டி டெட்ராய்ட். அப்புறம் பியோரியாவில் பிராட்லி, டெமோயினில் டிரேக், கான்சஸில் விச்சிட்டா. தெற்கே இறங்கினால் ஓக்லஹோமாவில் இரண்டு: டல்சாவும் ஓக்லஹோமா ஏ அண்ட் எம் கல்லூரியும். கடைசியில், அந்த ஆண்டுதான் புதிதாகச் சேர்ந்த ஹூஸ்டன், டெக்சஸில். டெட்ராய்ட்டிலிருந்து ஹூஸ்டனுக்கு ஆயிரம் மைலுக்கு மேல். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இப்படி ஒரு குழுவைக் கட்டி மேய்ப்பதே பெரும்பாடு. போர் முடிந்ததும் நிலைமை மாறியது. படை வீரர்கள் திரும்பி வந்து, 1944-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அரசாங்கச் செலவில் கல்லூரிகளில் சேர்ந்தார்கள். வகுப்புகள் நிரம்பின, மைதானங்களும் நிரம்பின. விமானப் பயணம் சாதாரணமானது. சின்னக் கல்லூரிகளும் தூரத்து அணிகளோடு ஆட்டம் வைத்துக்கொள்ள முடிந்தது.

தூரத்தைக் கடந்துவிட்டார்கள். ஆனால் அந்த தூரத்துக்குள்ளே இரண்டு சட்டங்கள் இருந்தன. டிரேக்கிலும் பிராட்லியிலும் கறுப்பின மாணவர்கள் படித்தார்கள், அணியிலும் ஆடினார்கள். டெக்சஸிலும் ஓக்லஹோமாவிலும் கறுப்பினத்தவருக்கு வேறு பள்ளி, வேறு கல்லூரி என்பது சட்டமாகவே இருந்தது. ஓக்லஹோமா ஏ அண்ட் எம் இருந்த ஸ்டில்வாட்டரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய லாங்ஸ்டன் என்ற ஊரில், கறுப்பினத்தவருக்கென்றே ஒரு தனிப் பல்கலைக்கழகத்தை மாநில அரசு 1897-லிருந்து நடத்திவந்தது.

அந்தச் சுவரில் அப்போதுதான் விரிசல் விழத் தொடங்கியிருந்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழகம் ஜார்ஜ் மெக்லாரின் என்ற கறுப்பின ஆசிரியரை முனைவர் பட்டப் படிப்பில் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்ட விதத்தைக் கேளுங்கள். வகுப்பறைக்கு ஒட்டிய சிறு அறையில் அவருக்கு மட்டும் ஒரு மேசை. நூலகத்தில் தனி மேசை. சாப்பாட்டு அறையிலும் தனி மேசை, அதுவும் மற்றவர்கள் சாப்பிடாத நேரத்தில். இது செல்லாது என்று 1950 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஓக்லஹோமா ஏ அண்ட் எம் 1949-ல்தான் முதன்முதலாக ஒரு கறுப்பின மாணவியை, நான்சி ராண்டால்ஃப் டேவிஸை, சேர்த்திருந்தது. அவருக்கும் முதலில் வகுப்பறைக்கு வெளியேதான் இடம். ஒரே வகுப்பில் பக்கத்தில் உட்காரலாமா என்பதே நீதிமன்றத்தில் வழக்காக இருந்த மாநிலத்துக்குத்தான் டிரேக் அணி ஆட வந்தது.

இப்படி வடக்கும் தெற்கும் மோதும்போது என்ன செய்வது என்பதற்கு நெடுநாளாக ஒரு வழக்கம் இருந்தது. கனவான்களின் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். தெற்கத்திய அணியோடு ஆடும்போது வடக்கத்திய அணி தன் கறுப்பின வீரரைத் தானாகவே உட்கார வைத்துவிடும். எழுத்தில் எதுவும் இருக்காது. போருக்குப் பிறகு இது மெல்ல மெல்ல உடைந்தது. 1947 அக்டோபரில் ஹார்வர்டு அணி செஸ்டர் பியர்ஸ் என்ற கறுப்பின வீரரோடு வர்ஜீனியாவுக்குப் போய் ஆடியது. 1948 புத்தாண்டு அன்று பென் ஸ்டேட் அணி வாலி டிரிப்லெட்டையும் டென்னி ஹோகார்டையும் அழைத்துக்கொண்டு டெக்சஸின் டல்லஸில் நடந்த காட்டன் பௌல் என்ற சீசன் முடிவுப் பெரிய ஆட்டத்தில் இறங்கியது. ஆனால் முழுதாக உடைந்துவிடவில்லை. நாம் பேசும் இதே 1951-ல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி ஒன்பது ஆட்டங்களிலும் ஜெயித்தது. ஒல்லி மாட்சன், பர்ல் டோலர் என்ற இரண்டு கறுப்பின வீரர்களையும் விட்டுவிட்டு வந்தால் சீசன் முடிவில் பெரிய ஆட்டத்துக்கு அழைப்பு உண்டு என்ற பேச்சு வந்தபோது, அணி மொத்தமாக வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அந்த சீசனோடு அந்தப் பல்கலைக்கழகம் கால்பந்தையே நிறுத்தியது. கையில் காசில்லை.

தனி ஆட்டம் என்றால், பிடிக்காவிட்டால் ஆடாமல் இருந்துவிடலாம். ஒரே கூட்டமைப்பில் இருந்தால் அப்படி முடியாது. ஆண்டு தவறாமல் ஆடித்தான் ஆக வேண்டும், சில ஆண்டுகளில் அவர்கள் ஊருக்கே போயும் ஆட வேண்டும். கறுப்பின வீரர் வந்தால் அவருக்கு என்ன பாதுகாப்பு, அவருக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மிசூரி வேலி பதில் தயாராக வைத்திருக்க வேண்டும். அக்டோபர் வந்தபோது அப்படி ஒரு பதில் அதனிடம் இல்லை.

சரி, யார் இந்த ஜானி பிரைட்?

1930-ல் இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேன் நகரில் பிறந்தவர். டிரேக்குக்கு அவர் வந்தது ஓட்டப் பந்தய உதவித்தொகையில். கால்பந்தும் கூடைப்பந்தும் முயன்று பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். முயன்று பார்த்தவர், டிரேக்கின் முதன்மை அணியில் ஆடிய முதல் சீசனிலேயே, 1949-ல், ஓடிக் கடந்தது 975 கெஜம், வீசிக் கடக்க வைத்தது 975 கெஜம். மொத்தம் 1,950. நாட்டிலேயே அந்த ஆண்டு அதுதான் முதலிடம். அடுத்த ஆண்டு 2,400 கெஜம். கல்லூரிக் கால்பந்து அதுவரை காணாத எண்ணிக்கை அது. 1951-லும் தொடக்க ஐந்து ஆட்டங்களில் டிரேக் தோற்கவே இல்லை. பட்டியலில் பிரைட்தான் மறுபடியும் முதலில் நின்றார்.

இந்த எண்கள் ஏன் ஒருவர் பேரில் இவ்வளவு குவிந்தன என்றால், அதற்கு டிரேக் ஆடிய முறையும் ஒரு காரணம். ஒற்றைச் சிறகு என்று அதைச் சொல்வார்கள். நடுவில் குனிந்து நிற்பவர் பந்தைக் கால்களுக்கு இடையில் பின்னால் தள்ளுவார். அது நேராகப் பின்வரிசையில் நிற்கும் ஒருவர் கைக்குப் போகும். ஓடுவதா, வீசுவதா, பக்கத்தில் வருபவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குவதா என்று முடிவெடுப்பவர் அவர்தான். டிரேக்கில் அவர் பிரைட். அந்த இடத்தில் அவர் இல்லை என்றால் டிரேக்கின் ஆட்டமே படுத்துவிடும். எதிரணிகளுக்கும் அது தெரியும்.

1949-லேயே பிரைட் ஸ்டில்வாட்டரில் ஆடியிருக்கிறார். அந்த மைதானத்தில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர்தான் என்று சொல்வார்கள். அன்று அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஓக்லஹோமா ஏ அண்ட் எம் அணிக்குப் பயிற்சியாளர் மாறினார். 1950-லிருந்து ஜே. பி. விட்வொர்த். 1951-ல் டிரேக் மறுபடி வருகிறது என்றதும் ஊரில் பேச்சு கிளம்பியது. கல்லூரி மாணவர்களின் பத்திரிகையும் உள்ளூர்ப் பத்திரிகையும் பிரைட் குறி வைக்கப்பட்டிருக்கிறார் என்று எழுதின. ஆட்டம் முடியும்போது அவர் மைதானத்தில் இருக்க மாட்டார் என்று மாணவர்கள் சிலர் வெளிப்படையாகவே பேசினார்கள். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். கூட்டமைப்பின் காதுக்கு மட்டும் எட்டியிருக்காது என்று நம்புவது கஷ்டம்.

அந்தப் பேச்சு டெமோயின் ரெஜிஸ்டர் பத்திரிகையின் புகைப்படக்காரர்கள் இருவர் காதிலும் விழுந்திருந்தது. டான் அல்டாங், ஜான் ராபின்சன். அல்டாங் விமானம் ஓட்டத் தெரிந்தவர், வானத்திலிருந்து படமெடுப்பதில் பேர்போனவர். இருவரும் அடுத்தடுத்துப் படங்கள் எடுக்கும் கேமராவோடு ஸ்டில்வாட்டருக்குப் போனார்கள். பொதுவாகக் கேமரா பந்தின் பின்னால்தான் போகும். அன்று அது பிரைட்டின் பின்னால் போனது. அதனால்தான் நமக்கு இன்று எல்லாம் தெரிகிறது.

அந்த ஆறு படங்களையும் வரிசையாக வைத்து நான் பல தடவை பார்த்திருக்கிறேன். பிரைட் பந்தை ஃபுல்பேக் என்ற பின்வரிசை இடத்தில் ஆடிய ஜீன் மேக்கம்பர் கையில் கொடுத்துவிட்டார். மேக்கம்பர் பந்தோடு ஒரு பக்கம் ஓடுகிறார். கிட்டத்தட்ட எல்லாரும் அந்தப் பக்கம் நகர்கிறார்கள். பிரைட் மட்டும் பின்னால் நிமிர்ந்து நிற்கிறார். அவருடைய வேலை முடிந்துவிட்டது. ஆட்டம் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார், கைகள் தளர்ந்திருக்கின்றன. அவரை நோக்கி ஏ அண்ட் எம் அணியின் தடுப்பு வீரர் வில்பேங்க்ஸ் ஸ்மித் வருகிறார். பந்து இருக்கும் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. கை உயர்கிறது, தாடையில் இறங்குகிறது. பிரைட்டின் தலை திரும்புகிறது, உடம்பு சரிகிறது. கையில் பந்து இல்லாதவரை, ஆட்டம் அவரைத் தாண்டிப் போன பிறகு, அடித்திருக்கிறார்கள். வேகத்தில் நடந்த மோதல் என்று சொல்லிச் சமாளிக்க இதில் இடமே கிடையாது.

முதல் ஏழு நிமிடங்களுக்குள் மூன்று முறை பிரைட் நினைவிழந்து விழுந்தார். மூன்று தடவையும் அடித்தவர் அதே ஸ்மித். அந்தக் காலத்துத் தலைக்கவசத்தில் முகத்துக்கு முன்னால் கம்பி எதுவும் கிடையாது. தாடை திறந்தேதான் இருக்கும். நடுவர்கள் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. அவர்களுடைய கண் பந்தோடு போயிருக்கும் என்று ஒரு தடவைக்குச் சொல்லலாம். மூன்று தடவைக்கு என்ன சொல்வது? அந்த நிலையிலும் பிரைட் எழுந்து, ஜிம் பில்கிங்டனுக்கு 61 கெஜ தூரம் போகும் ஒரு பந்தை வீசி டச்டவுன், அதாவது எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி, எடுக்க வைத்தார். பிறகு முடியவில்லை. வெளியே கொண்டுபோனார்கள். டிரேக் 27–14 என்று தோற்றது. தன் கல்லூரி வாழ்க்கையில் பிரைட் நூறு கெஜத்தைத் தொடாமல் போன முதல் ஆட்டம் அது.

அல்டாங்கும் ராபின்சனும் ஆட்டம் முடியும்வரை காத்திருக்கவில்லை. ஞாயிறு பதிப்பைப் பிடிக்க வேண்டும் என்று படச்சுருளோடு கிளம்பிவிட்டார்கள். மறுநாள் காலை படங்கள் பத்திரிகையில் வந்தன. சில நாட்களில் நாடு முழுக்கப் பார்த்தது. 1952-ல் அந்த ஆறு படங்களுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

ஸ்மித், அதில் நிறவெறி எதுவும் இல்லை என்றே பின்னாளில் சொல்லிவந்தார். பிரைட் அதை ஏற்கவில்லை. 1980-ல் ஒரு பேட்டியில், நிறவெறி காரணமாக இல்லாமல் இருந்திருக்க வழியே இல்லை என்று சொன்னார். ஸ்மித் மனதில் என்ன இருந்தது என்று நம்மால் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் ஒரு கூட்டமைப்பு நடவடிக்கை எடுப்பதற்கு மனதை எட்டிப் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. பந்து இல்லாதவரை அடிப்பது எந்த நிறத்தவருக்கு நடந்தாலும் விதிமீறல்தான். படம் கையில் இருக்கிறது. தேதி, மைதானம், ஆள் எல்லாம் தெரியும். வழக்கமாக இப்படிப்பட்ட விவகாரங்களில் நீ சொன்னது, நான் சொன்னது என்று இழுபறி இருக்கும். இங்கே அதற்கே இடமில்லை.

டிரேக் முறைப்படி கூட்டமைப்பிடம் போனது. கூட்டமைப்பு ஸ்மித் மீது ஒரு நடவடிக்கையும் எடுக்கவில்லை. ஒரு ஆட்டம் தடைகூட இல்லை.

ஏன் எடுக்கவில்லை? இங்கேதான் அந்த ஆண்டின் சூழ்நிலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நாடு முழுக்க உள்ள கல்லூரி விளையாட்டுக்கு ஒரு தேசிய அமைப்பு இருந்தது. உதவித்தொகை, வீரர் சேர்ப்பு இவற்றைக் கட்டுப்படுத்த அது 1948-ல் ஒரு விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. மீறினால் நீக்கம் என்ற ஒரே தண்டனைதான் அதில் இருந்தது. மீறிய கல்லூரிகளை நீக்குவதற்கு வேண்டிய ஓட்டு கிடைக்கவில்லை. 1951 ஜனவரியில் அந்த விதிகளையே கைவிட்டார்கள். ஆக, அந்த சீசன் தொடங்கியபோது தேசிய அமைப்பின் கையில் பிரம்பு கிடையாது. ஒழுங்கு என்று ஒன்று இருந்தால் அது கூட்டமைப்புகள் பார்த்துக்கொள்வதுதான்.

அந்த ஆண்டு கல்லூரி விளையாட்டின் பெயரே கெட்டுக் கிடந்தது. சூதாட்டக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு கூடைப்பந்து ஆட்டத்தின் புள்ளிகளைக் குறைத்த ஊழல் வெடித்தது. பிராட்லியின் வீரர்களும் அதில் சிக்கினார்கள். ஆகஸ்டில் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தேர்வில் காப்பியடித்ததாக ஏறத்தாழ 90 மாணவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், அவர்களில் கால்பந்து வீரர்கள் பலர். இன்னொரு அவமானம் வேண்டாம், அமுக்கிவிடலாம் என்ற நினைப்பு எல்லா அலுவலகங்களிலும் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

அப்புறம் பலம் என்ற ஒன்று இருக்கிறது. மிசூரி வேலிக்குள் ஓக்லஹோமா ஏ அண்ட் எம் சாதாரண உறுப்பினர் கிடையாது. 1945, 1946 என்று தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் தேசியக் கூடைப்பந்துச் சாம்பியன். அந்த அணியை உருவாக்கிய ஹென்றி ஐபாதான் கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கே தலைவர். நாட்டில் மரியாதை உள்ள பெயர். மாநில அரசு நடத்தும் பெரிய கல்லூரி. டிரேக்கோ ஒரு தனியார் பல்கலைக்கழகம், ஆண்டுதோறும் நடத்தும் ஓட்டப் பந்தய விழாவுக்குத்தான் நாடறிந்த பெயர். ஒவ்வொரு கல்லூரியும் தன் பிரதிநிதியை அனுப்பி, எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்கும் ஓர் அமைப்பில், ஓர் உறுப்பினரைத் தண்டிக்க மற்ற உறுப்பினர்கள் கை தூக்க வேண்டும். ஹூஸ்டனிலும் டல்சாவிலும் அப்போது கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. ஹூஸ்டன் தன் முதல் கறுப்பினக் கால்பந்து வீரரை உதவித்தொகை கொடுத்துச் சேர்த்தது 1964-ல். ஓக்லஹோமா ஏ அண்ட் எம் பக்கம் விரல் நீட்டினால் அந்த விரல் தங்கள் பக்கமும் திரும்பும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா?

கூட்டமைப்பு கைவிரித்த பிறகு டிரேக் என்ன செய்திருக்கலாம்? கண்டனக் கடிதம் ஒன்று எழுதிவிட்டு அடுத்த சீசனுக்குத் தயாராகியிருக்கலாம். ஓக்லஹோமா ஏ அண்ட் எம் அணியோடு மட்டும் ஆட மாட்டோம் என்று சொல்லியிருக்கலாம். டிரேக் இரண்டையும் செய்யாமல், கூட்டமைப்பிலிருந்தே விலகியது. கால்பந்து மட்டுமில்லை, எல்லா விளையாட்டிலும். கூடைப்பந்து, ஓட்டப் பந்தயம் எதிலும் இனி மிசூரி வேலி கோப்பைக்கு ஆட முடியாது. வழக்கமான எதிரணிகள் போயின, உறுதியான ஆட்ட அட்டவணை போனது. ஆண்டுக்கு ஆண்டு தனியாக எதிரணி தேடி அலைய வேண்டும். சின்னக் கல்லூரிக்கு அது பெரிய அடி. தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள்.

பிராட்லியைத்தான் நான் இன்னும் அதிகமாக நினைப்பேன். அவர்களுடைய வீரர் யாரும் அடிபடவில்லை. கூடைப்பந்து ஊழலில் அந்த ஆண்டு ஏற்கெனவே பெயர் கெட்டு நின்ற கல்லூரி அது. பேசாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் டிரேக்கோடு சேர்ந்து வெளியேறியது. பக்கத்து வீட்டுக்காரனுக்கு நடந்ததற்காகத் தன் வீட்டைக் காலி செய்வது என்றால் சும்மாவா? பிரைட்டின் பெயர் தெரிந்த பலருக்குப் பிராட்லியின் பெயர் தெரியாது. தெரிய வேண்டும்.

பிராட்லி 1955-ல் திரும்பி வந்தது, கால்பந்தைத் தவிர மற்ற விளையாட்டுகளுக்கு. கால்பந்தில் அது மிசூரி வேலிக்குத் திரும்பவே இல்லை. டிரேக் 1956-ல் மற்ற விளையாட்டுகளுக்காக வந்தது. கால்பந்துக்கு வந்தது 1971-ல், இருபது ஆண்டுகள் கழித்து. அதற்குள் ஓக்லஹோமா ஏ அண்ட் எம் தன் பெயரை ஓக்லஹோமா ஸ்டேட் என்று மாற்றிக்கொண்டு பெரிய கூட்டமைப்புக்கே போய்விட்டது. விட்வொர்த் 1955-ல் அலபாமாவின் பயிற்சியாளராகப் போனார். மூன்று சீசனில் ஜெயித்தது நான்கே ஆட்டம்.

படங்களின் தாக்கத்தால் ஒன்றும் மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆட்டத்தை விட்டு விலகி நிற்பவரைத் தாக்குவது குறித்த விதிகள் இறுகியதற்கும், முகக்காப்போடு கூடிய தலைக்கவசம் பரவியதற்கும் இந்த ஆறு படங்களும் ஒரு காரணம் என்று விளையாட்டு வரலாற்றில் எழுதுகிறார்கள். நல்லதுதான். எத்தனையோ பேருடைய பல்லும் தாடையும் அதனால் தப்பியிருக்கும். ஆனால் நடந்தது என்ன என்ற கேள்விக்கு, தலைக்கவசத்தில் ஒரு கம்பி இல்லாமல் போய்விட்டது என்று பதில் சொன்னது போல ஆகிவிட்டது. ஓர் ஆளைக் குறிவைத்து வீழ்த்தலாம் என்று ஊரே பேசிக்கொண்டதற்கு என்ன விதி மாற்றம்? பிரைட்டின் கறுப்புத் தோலைப் பற்றி எந்த விதிப் புத்தகமும் அப்போது பேசவில்லை.

பிரைட்டின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். மிச்ச சீசனில் அவரால் பெரும்பாலும் ஆட முடியவில்லை. ஆனாலும் அந்த ஆண்டு சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் ஐந்தாவதாக வந்தார். 1952-ல் தொழில்முறைக் கால்பந்தின் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தது. போயிருந்தால் அந்த அணியின் முதல் கறுப்பின வீரர்களில் ஒருவராக இருந்திருப்பார். தெற்கிலிருந்து வந்த வீரர்கள் நிறையப் பேர் இருந்த லீக் அது, அங்கே தன்னை எப்படி நடத்துவார்களோ தெரியவில்லை என்று சொல்லிவிட்டுக் கனடாவுக்குப் போனார். ஒரு சீசனின் கதை ஒருவருடைய வாழ்க்கையில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அவர் தேசத்தையே மாற்றிக்கொண்டார்.

கனடாவில் முதலில் கால்கரி, பிறகு எட்மன்டன். 1954, 1955, 1956 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எட்மன்டன் தேசியக் கோப்பையை வென்றது. அந்த அணியில் பிரைட்டோடு பின்வரிசையில் ஓடியவர் நார்மி குவாங், சீனாவிலிருந்து குடியேறியவர்களின் மகன். பின்னாளில் ஆல்பர்ட்டா மாநிலத்தின் துணைநிலை ஆளுநரானார். பிரைட் 1959-ல் கனடிய லீக்கின் தலைசிறந்த வீரர் விருதைப் பெற்றார். கறுப்பினத்தவர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. 1964-ல் ஓய்வு பெற்றபோது 10,909 கெஜம் ஓடியிருந்தார், அந்த லீக்கில் அதுவரை யாரும் அவ்வளவு ஓடியதில்லை. ஆடிக்கொண்டிருக்கும்போதே பள்ளி ஆசிரியராகவும் வேலை பார்த்தார். 1962-ல் கனடியக் குடியுரிமை வாங்கினார். பிறகு எட்மன்டன் பள்ளிகளில் தலைமையாசிரியராக இருந்தார். 1983 டிசம்பரில், கால் முட்டி அறுவை சிகிச்சையின்போது மாரடைப்பால் இறந்தார். வயது 53.

அவரிடம் கசப்பு இல்லை என்று எழுதுகிறவர்கள் உண்டு. என் தாடை உடைந்ததால் கல்லூரி விளையாட்டு கொஞ்சமாவது சீர்பட்டது என்று அவரே பின்னாளில் சொன்னது உண்மைதான். அது அவருடைய பெருந்தன்மை. அதை எடுத்துக் கூட்டமைப்பின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது.

ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் டிரேக்குக்கு வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவர் டேவிட் ஷ்மிட்லி, டிரேக்கின் தலைவருக்கு எழுதியது. நடந்ததற்கு முறைப்படி மன்னிப்புக் கேட்டிருந்தார். தேதி 2005 செப்டம்பர் 28. அடி விழுந்து ஏறக்குறைய 54 ஆண்டுகள் ஆகிவிட்டன, பிரைட் இறந்து ஏறக்குறைய 22 ஆண்டுகள். அடுத்த ஆண்டு டிரேக் தன் மைதானத்துக்கு ஜானி பிரைட் மைதானம் என்று பெயர் வைத்தது. மிசூரி வேலி கூட்டமைப்பு கால்பந்து நடத்துவதையே 1985 சீசனோடு நிறுத்தியிருந்தது.